இடாப்பைத் திறப்பதற்கு முன்: ரொறன்ரோப் பள்ளிகளில் பதிலாசிரியராகச் செல்லும் தமிழருக்கு

ஊரில் பல ஆண்டுகள் படிப்பித்துவிட்டு இங்கு வந்து, ஒன்ராறியோ கொலிஜ் ஒவ் ரீச்சர்ஸ் என்னும் பதிவு அமைப்பின் சான்றிதழைப் பெற்று, நிரந்தர இடம் கிடைக்கும் வரையில் பதிலாசிரியராக, அதாவது இங்கு எல்லோரும் சொல்வதுபோல் சப்ளை ரீச்சராக, வேலை செய்யும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிகாலையில் வேலை அழைப்பு வருகிறது. எட்டு மணி கடந்ததும் முன்பின் தெரியாத ஒரு பள்ளியின் அலுவலகத்தில் நிற்கிறோம். ஒன்பது மணிக்குள் முப்பது பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாடத்தை எப்படி நடத்துவது, குழப்படியை எப்படி அடக்குவது என்பதைப் பற்றியெல்லாம் பலர் சொல்லித் தந்திருப்பார்கள். தன்பாலீர்ப்புக் கொண்ட பிள்ளைகளும் திருநர் பிள்ளைகளும் மறைவின்றி அமர்ந்திருக்கும் வகுப்பறைக்குள் ஒரே ஒரு நாள் மட்டும் நுழையும் அந்நியர் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. அதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

அந்த வகுப்பறையின் நம்பிக்கை நாம் கட்டியது அல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். நிரந்தர ஆசிரியர் செப்டெம்பர் மாதம் தொடங்கி ஒவ்வொரு பிள்ளையையும் எந்தப் பெயரால் அழைக்க வேண்டும், எதைப் பற்றிக் கேட்கக் கூடாது, யாரை யாருக்குப் பக்கத்தில் இருத்தக் கூடாது என்று சிறிது சிறிதாக அறிந்து வைத்திருப்பார். பதிலாசிரியர் அதை வளர்க்க வேண்டியதில்லை; ஒரு நாளில் அது முடியவும் முடியாது. ஆனால் இடாப்புக் கூப்பிடும் ஐந்து நிமிடங்களுக்குள் அதை உடைத்துவிட அவரால் முடியும்.

சட்டம் எங்கே நிற்கிறது

ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக் கோவை 1986 முதல் பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. பாலின அடையாளமும் பாலின வெளிப்பாடும் 2012இல் அதில் சேர்க்கப்பட்டன. அதே 2012இல் கல்விச் சட்டமும் திருத்தப்பட்டது. தன்பாலீர்ப்புக் கொண்ட மாணவர்களும் அவர்களுக்குத் துணைநிற்கும் மற்ற மாணவர்களும் விரும்பினால் கே-ஸ்ட்ரெயிட் அலையன்ஸ் என்ற பெயரிலேயே தங்கள் பள்ளியில் சங்கம் அமைத்துக்கொள்ளலாம் என்பதும், அந்தப் பெயரைப் பள்ளி மறுக்க முடியாது என்பதும் அந்தத் திருத்தத்தின் மூலம் வந்தவை. அரச நிதியில் இயங்கும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். ஆகவே வரவேற்கும் பள்ளி என்பது ஏதோ ஒரு அதிபரின் தனிப்பட்ட விருப்பம் என்று எண்ண வேண்டாம்.

ரொறன்ரோ மாவட்டப் பள்ளிச் சபையில் இப்பிள்ளைகளுக்கென்றே 1995இல் தொடங்கிய ட்ரையாங்கிள் புரோகிராம் என்னும் உயர்நிலைப் பிரிவு இருக்கிறது. வேறு பள்ளிகளில் துன்புறுத்தப்பட்டு, படிப்பையே கைவிடும் நிலைக்கு வந்த மாணவர்கள் அங்கே படிப்பைத் தொடர்ந்திருக்கிறார்கள். அது பல ஆண்டுகள் ஒரு தேவாலயக் கட்டடத்தில் இயங்கியது என்று முதன்முதலில் அறிந்தபோது எனக்கு உண்மையாகவே மனம் நெகிழ்ந்தது. ஆனால் நமக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஸ்காபரோவிலோ நோர்த் யோர்க்கிலோ உள்ள சாதாரணப் பள்ளிகளிலிருந்து வருபவை. அங்கும் அலுவலகக் கதவில் வானவில் நிற ஒட்டுப்படம் இருக்கும். அங்கும் இப்பிள்ளைகள் இருப்பார்கள். நாம்தான் அவர்களை அறியாதவர்களாக நுழைகிறோம்.

அலுவலகத்தில் கேட்க வேண்டியவை

இருபது நிமிடங்கள் முன்னதாகவே போய்விடுங்கள். சாவியையும் பாடக் குறிப்பையும் வாங்கும்போதே, இந்த வகுப்பில் இடாப்பில் உள்ள பெயரை விட்டு வேறு பெயரால் அழைக்கப்படும் மாணவர் எவரும் உண்டா என்று அலுவலக உதவியாளரிடம் கேளுங்கள். கேள்வியை இந்த அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏன் வேறு பெயர், அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்று தொடர்ந்து கேட்பது நம் வேலைக்குத் தேவையற்றது. பல பள்ளிகளின் கணினி இடாப்பில் விரும்பும் பெயருக்கென்று தனி இடம் உண்டு. ஆனால் பதிலாசிரியரின் கையில் தரப்படும் அச்சுத் தாளில் சட்டப்படியான பெயர் மட்டுமே வந்துவிடுவதும் உண்டு. இருக்கை வரைபடம் ஒன்று கிடைத்தால் அதையே நம்புங்கள், ஏனென்றால் அதை நிரந்தர ஆசிரியர் தம் கையாலேயே, பிள்ளைகளைத் தாம் அழைக்கும் பெயர்களைக் கொண்டு எழுதியிருப்பார்.

எல்லோரும் பயன்படுத்தக்கூடிய கழிவறை எங்கே இருக்கிறது என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பிள்ளை மற்றவர்களைவிடத் தொலைவில் உள்ள கழிவறைக்குப் போய் மூன்று நிமிடம் பிந்தி வருவதற்குக் காரணம் இருக்கலாம். அதை வகுப்பின் முன்னால் விசாரிக்க வேண்டாம்.

இடாப்பு

என் முதலாம் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 10ஆம் தர விஞ்ஞான வகுப்பு. இடாப்பில் ஒரு நீண்ட தமிழ்ப் பெயர் இருந்தது. இந்நாட்டு ஆசிரியர்கள் நம் பெயர்களைக் கடித்துக் குதறுவதைப் பல ஆண்டுகள் கேட்டுச் சலித்தவன் நான். ஆகவே, இந்தப் பிள்ளைக்காவது பெயரைச் சரியாகச் சொல்லி மகிழ்விப்போம் என்ற எண்ணத்துடன், ழகரமும் ளகரமும் பிசகாமல், முழுப் பெயரையும் உரக்கக் கூப்பிட்டேன். யாரும் கையை உயர்த்தவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டேன். ஜன்னல் ஓரத்தில் சாம்பல் நிற மேலங்கியின் தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டிருந்த ஒரு பிள்ளை, மேசையைப் பார்த்தபடியே இரண்டு விரல்களை மட்டும் உயர்த்தியது. பக்கத்து மேசையில் இருந்த மாணவி, "சேர், அவையள் அந்தப் பேரைப் பாவிக்கிறேல்லை" என்று மெதுவாகச் சொன்னாள். வகுப்பின் பின்புறத்தில் யாரோ சிரித்தார்கள். எழுபத்தைந்து நிமிடப் பாடவேளை முடியும் வரை அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்தவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை விட்டுவந்த பெயரை இவ்வளவு திருத்தமாக உச்சரித்த முதல் ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

அன்றிலிருந்து நான் இடாப்பைக் கூப்பிடுவதில்லை. பிள்ளைகள் உள்ளே வரும்போது ஒரு வெற்றுத் தாளை மேசை வரிசையில் அனுப்பி, தாங்கள் அழைக்கப்படும் பெயரை இருக்கும் ஒழுங்கிலேயே எழுதச் சொல்கிறேன். அவர்கள் பாடத்தைத் தொடங்கிய பிறகு அந்தத் தாளையும் இடாப்பையும் வைத்துக்கொண்டு வரவைப் பதிவேன். முதற்பெயர் பொருந்தாவிட்டால் குடும்பப் பெயரைக் கொண்டு அடையாளம் காண முடியும். அதற்கும் பொருந்தாத ஒருவர் இருந்தால், அவருடைய மேசைக்கு அருகே போய்க் குனிந்து, இடாப்பில் நீங்கள் எந்த வரியில் இருக்கிறீர்கள் என்று தாளைக் காட்டிக் கேட்டால், அவர் விரலால் தொட்டுக் காட்டுவார். எவர் காதிலும் எதுவும் விழாது. கூப்பிட்டே ஆக வேண்டும் என்று பள்ளி சொன்னால், குடும்பப் பெயரை மட்டும் கூப்பிட்டு, உங்களை எப்படி அழைப்பது என்று எல்லோரிடமும் ஒரே விதமாகக் கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டால் வகுப்பின் கண்கள் அவர் மேல் திரும்பிவிடும்.

தீயணைப்புப் பயிற்சி வரக்கூடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மணி அடித்தவுடன் நாம் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவது அந்த அச்சு இடாப்பைத்தான். மைதானத்தில் நான்கு வகுப்புகள் கேட்க அதையே உரக்கப் படிக்கிறோம். ஆகவே பிள்ளைகள் எழுதித் தந்த பெயர்த் தாளை இடாப்போடு சேர்த்துக் கொழுவி வைத்திருங்கள். வெளியே அதைப் பார்த்தே எண்ணுங்கள்.

அவன், அவள், அவர்

சுட்டுப்பெயர் விடயத்தில் நம்மவர் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். ஒரே ஆளை ஆங்கிலத்தில் "தே" என்று சொல்வது எப்படி, அது பன்மை அல்லவா என்று ஆசிரியர் ஓய்வறையில் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். தமிழ் பேசுபவருக்கு இந்தக் கேள்வி எழவே கூடாது. ஒரே ஒருவரை "அவர்" என்று பலர்பால் வடிவத்தில் மரியாதையாகச் சொல்லும் வழக்கம் நம் மொழியிலேயே இருக்கிறது. "அவர் வந்தார்" என்னும்போது வந்தவர் ஆணா பெண்ணா என்று சொல் காட்டிக்கொடுப்பதில்லை. "மருத்துவர் வந்தார்" என்று தினமும் எழுதுகிறோம். "தே" என்று கேட்கும் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது மனத்தில் "அவர்" என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசிப் பாருங்கள். சில நாட்களில் நா பழகிவிடும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பதிலாசிரியராகப் போகிறவர்களுக்கு இது இன்னும் நேரடியாக உதவும். "வந்தான்", "வந்தாள்" என்று வினைமுற்றே பாலைக் காட்டும் மொழியில், வகுப்பில் உள்ள எல்லோரையும் "வந்தார்", "எழுதினார்" என்று சொல்லிவிட்டால் ஒருவரும் தனித்துத் தெரிய மாட்டார்.

வட்டமாக இருந்து ஒவ்வொருவரும் தத்தம் சுட்டுப்பெயரைச் சொல்லும்படி கேட்பதைச் சிலர் நல்ல பழக்கம் என்று கருதுகிறார்கள். ஒரு நாள் மட்டும் வரும் ஆசிரியர் அதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இன்னும் யாருக்கும் சொல்லாத பிள்ளை அந்த வட்டத்தில் பொய் சொல்ல வேண்டும், அல்லது முப்பது பேர் முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டையும் அதன் மேல் சுமத்தும் உரிமை நமக்கு இல்லை. உங்கள் பெயரைப் பலகையில் எழுதும்போது உங்கள் சுட்டுப்பெயரையும் பக்கத்தில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். சொல்ல விரும்புபவர் பெயர்த் தாளில் தாமாகவே எழுதுவார்.

தவறிப்போய்ப் பிழையான பெயரைச் சொல்லிவிட்டால், "மன்னிக்கவும்" என்று ஒரே சொல்லில் திருத்திக்கொண்டு அந்த வசனத்தை முடியுங்கள். நீண்ட மன்னிப்பு, விளக்கம், நான் புதியவன் என்ற நியாயம் எல்லாம், நம்மைத் தேற்றும் வேலையை அந்தப் பிள்ளையின் தலையில் வைப்பதாகவே முடியும்.

குழுப் பிரிக்கும்போது ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம் என்று சொல்வது ஊரிலிருந்தே நம் நாவில் ஊறிய வழக்கம். பிறந்த மாதத்தைக் கொண்டோ, மேசை வரிசையைக் கொண்டோ பிரியுங்கள்.

கூடாத சொல் காதில் விழுந்தால்

நீ ஒரு நாள் ஆசிரியர்தானே என்று சோதித்துப் பார்ப்பதற்காகவே சில மாணவர்கள் இழிசொல்லை உரக்கச் சொல்வார்கள். காதில் விழாததுபோல் இருப்பதுதான் சுலபம், ஆனால் அது தவறு. மாணவரோடு நேரடியாகப் பணிபுரியும் ஊழியர் எவரும், தமக்கோ பிள்ளைகளுக்கோ உடனடி ஆபத்து இல்லாத வரையில், இத்தகைய நடத்தைக்கு எதிர்வினை காட்ட வேண்டும் என்று கல்விச் சட்டமே சொல்கிறது. பதிலாசிரியருக்கு அதில் விலக்கு இல்லை. குரலை உயர்த்தாமல், "இந்த வகுப்பில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை, வேலையைத் தொடருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்புங்கள். பத்து நிமிட உபதேசம் வேண்டாம். அந்தப் பத்து நிமிடமும் வகுப்பு திரும்பித் திரும்பிப் பார்ப்பது, சொல் யாரைக் குத்தியதோ அவரைத்தான். சொன்னவரோடு பாடவேளையின் முடிவில் தனியே பேசலாம்.

அது வெறும் சொல்லாக இல்லாமல், ஒருவரைக் குறிவைத்துத் தொடரும் துன்புறுத்தலாகவோ அச்சுறுத்தலாகவோ இருந்தால், அதிபரிடம் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அதை அன்றைய பள்ளி நாள் முடிவதற்குள் செய்ய வேண்டும். நாளை வேறு பள்ளியில் நிற்கப் போகும் நமக்கு இது மிகவும் முக்கியம். மூன்றரை மணிக்குக் காரை எடுத்துவிட்டால், நாம் கண்டதைக் கண்டவர் அந்தப் பள்ளியில் எவரும் இருக்க மாட்டார். படிவம் அலுவலகத்தில் கிடைக்கும். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோருக்கு நாமே தொலைபேசியில் சொல்லக் கூடாது. அறிவிப்பது அதிபரின் பொறுப்பு. அறிவித்தால் பெற்றோரிடமிருந்தே பிள்ளைக்குத் தீங்கு வரும் என்று அதிபர் கருதினால் அவர் பெற்றோருக்குச் சொல்லக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இந்த விதியை நம்மவர்களில் பலர் அறியார்.

"அம்மாட்டச் சொல்லாதேங்கோ"

அந்த விஞ்ஞான வகுப்பு முடிந்து மற்றவர்கள் வெளியேறிய பிறகு, சாம்பல் மேலங்கிப் பிள்ளை என் மேசைக்கு வந்து நின்றது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்குவதற்கு முன்னரே, தயங்கித் தயங்கித் தமிழில், "சேர், அம்மாட்டச் சொல்லாதேங்கோ" என்றது. அதுவரை அந்தப் பிள்ளை என்னோடு ஒரு சொல்லும் தமிழில் பேசியிருக்கவில்லை. தமிழ் ஆசிரியர் ஒருவர் வகுப்புக்குள் வருவது எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஆறுதல் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இந்தப் பிள்ளைக்கோ, கோயிலிலும் மளிகைக் கடையிலும் கலியாண மண்டபத்திலும் தன் தாயைச் சந்திக்கக்கூடிய ஒரு ஆள் உள்ளே வந்துவிட்டார் என்பதுதான் தெரிந்திருக்கிறது. ஸ்காபரோ நம்மவர்களுக்கு ஒரு ஊரைப் போன்றது. எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று இரண்டு கேள்வியில் உறவைக் கண்டுபிடித்துவிடுவோம். அந்த இரண்டு கேள்விகளையும் வகுப்பறையில் கேட்காதீர்கள்.

நான் சொன்ன பதில் இதுதான்: "உம்மட வீட்டுக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டன். ஆரும் உமக்கு அடிக்கினம், ஆபத்து எண்டால் மட்டும் நான் சொல்ல வேண்டிய இடத்தில சொல்லத்தான் வேணும்." இரண்டாவது வசனத்தையும் சொல்லியே ஆக வேண்டும். எதையும் எவருக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யும் உரிமை ஆசிரியருக்கு இல்லை. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒன்று வீட்டில் துன்புறுத்தப்படுகிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், சிறுவர் உதவிச் சங்கத்துக்கு நாமே நேரடியாக அறிவிக்க வேண்டும். அதிபரிடம் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட முடியாது. ஆனால் ஒரு பிள்ளை தன்பாலீர்ப்புக் கொண்டது என்பதோ, திருநர் என்பதோ தன்னளவில் அறிவிக்க வேண்டிய ஆபத்து அல்ல. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, நல்லது செய்வதாக எண்ணிப் பெற்றோரின் காதில் போட்டுவிடுபவர்கள் பெரும் கேடு செய்கிறார்கள்.

உங்களிடம் ஒரு பிள்ளை மனம் திறந்தால், வியப்பையோ கேள்விகளையோ முகத்தில் காட்ட வேண்டாம். சொன்னதற்கு நன்றி கூறுங்கள். பள்ளிக்குள் யாரை அந்தப் பிள்ளை நம்புகிறது என்று கேளுங்கள். வழிகாட்டல் ஆலோசகரின் அறை வரைக்கும் கூடவே நடந்து போவது, "அங்கே போய்ப் பார்" என்று சொல்வதைவிட எவ்வளவோ மேல். இரவிலும் பேசக்கூடிய இடமாகக் கிட்ஸ் ஹெல்ப் ஃபோனின் எண் 1-800-668-6868ஐச் சொல்லலாம். சாக வேண்டும் போல் இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அதைத் தனியே விடாமல், உடனே அலுவலகத்தை அழையுங்கள். தற்கொலை எண்ணம் வந்தவர்கள் அழைப்பதற்கென்று 2023 நவம்பர் இறுதியிலிருந்து கனடா முழுவதும் 988 என்ற எண்ணும் இயங்குகிறது.

வெளியேறும்போது

நிரந்தர ஆசிரியருக்கு எழுதி வைக்கும் குறிப்பு, அடுத்த நாள் காலை வரை திறந்த மேசையில் கிடக்கும். துப்புரவுப் பணியாளரும் முதலில் வரும் மாணவரும் அதைப் படிக்கலாம். பாடம் எதுவரை போனது, யார் வரவில்லை என்பவற்றை மட்டும் அதில் எழுதுங்கள். ஒரு பிள்ளையின் பெயர், பால், நம்மிடம் சொன்ன இரகசியம் எதுவும் அந்தத் தாளில் ஏறக் கூடாது. தேவையானால் உப அதிபரிடமோ ஆலோசகரிடமோ வாயால் சொல்லுங்கள். பெயர்த் தாளைக் காரில் போட்டுக்கொண்டு போகாமல், அலுவலகத்தில் உள்ள தாள் நறுக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

பல மாதங்களுக்கு நீளும் பதிலாசிரியர் வேலை கிடைத்தவர்களுக்கு மேலும் ஒன்று. முன்னேற்ற அறிக்கை வீட்டுக்குப் போகும் தாள். வகுப்பில் ஒரு பெயரும் வீட்டில் வேறு பெயரும் உள்ள பிள்ளையிடம், அறிக்கையில் எதை எழுதுவது என்று முன்னதாகவே தனியே கேளுங்கள். கருத்துரையில் சுட்டுப்பெயரே வராமல், "ஆய்வுகூட வேலைகளைக் கவனமாகச் செய்து முடித்துள்ளமை பாராட்டுக்குரியது" என்ற வகையில் ஆங்கிலத்திலும் எழுத முடியும். சற்று மினக்கெட வேண்டும், அவ்வளவுதான். பெற்றோர் சந்திப்பு நாளிலும் இதே கவனம் தேவை.

பள்ளிக்கு வெளியே சந்திக்க நேர்ந்தால், நம்மைத் தெரியுமா தெரியாதா என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். அந்தச் சம்பவத்துக்குச் சில வாரங்களின் பின்னர், மார்க்கம் வீதியில் உள்ள ஒரு தமிழ்க் கடையில், முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு முன்னால் அந்தப் பிள்ளையைத் தாயோடு கண்டேன். நான் அரிசிப் பைகளின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். சிறிது நேரத்தில் பின்னாலிருந்து, "அம்மா, இவர் எங்கட பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் வந்த சேர்" என்ற குரல் கேட்டது. திரும்பி, தாய்க்கு வணக்கம் சொன்னேன். பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று தாய் கேட்டார். பெயர் எதுவும் சொல்லாமல், "விஞ்ஞானத்தில் நல்ல கவனம்" என்றேன்.